காவல்மலைக்கு உடையவள்

வடபுலத்துப் பெருங்கடல் தன் நெடிய அலைக்கைகளால் பன்னூறு தீவுகளைத் தழுவியும் தள்ளியும் விளையாடும், மேயின் என்னும் அமெரிக்க மாநிலத்துக் கீழ்க்கரையிலே, இலையுதிர் காலத்து ஒரு விடியற்பொழுதில், நாரைத்தீவு மெல்லத் துயில் நீங்கிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் நீர்மேற் படுத்திருந்த மூடுபனி, வெளுத்த துகிலொன்றை ஓரம் பற்றிச் சுருட்டினாற்போல் காற்றின் கையில் சுருண்டு விலக, முதலில் படகுத்துறையின் பாசி படிந்த கால்களும், பின்னர்ச் சாம்பல்நிறப் பலகை வேய்ந்த சிறு வீடுகளும், அவற்றுக்கும் பின்னே ஊசியிலை மரங்கள் செறிந்த சரிவுகளும் ஒவ்வொன்றாய்ப் புலப்பட்டன. யாவற்றுக்கும் இறுதியில், செவ்வரி ஓடிய கருங்கல் நெற்றியைக் கதிரவனுக்குக் காட்டிக்கொண்டு காவல்மலை எழுந்து நின்றது. மலையென்றதும் முகில் தவழும் பொதியத்தை நினைந்து பழகிய அன்பர்கள் அதனைக் கண்டால் ஒரு குன்றென்றே நகைப்பர். ஆயினும் கடல்மட்டத்தில் வாழ்வோர்க்கு, அலையினும் உயர்ந்து நிற்பது எதுவோ அதுவே மலை. கடலுக்குள் சென்றவர் திரும்பும் திசையை எந்த உச்சியில் நின்று காணலாகுமோ, அவ்வுச்சியே அவர்தம் வானம்.

அம்மலையின் தென்சரிவில், பாறையிடுக்குகளில் படர்ந்த புளிப்புச் செங்கனிகளைக் கொய்து கூடையில் இட்டுக்கொண்டிருந்தாள் லோவினா பிரே. ஐம்பதை நெருங்கும் அகவை. உப்புக்காற்றில் உலர்ந்த முகம். எதனையும் ஒருமுறைக்கு இருமுறை நோக்கிய பின்னரே முடிவு செய்யும் சாம்பல்நிறக் கண்கள். காவல்மலை அவளுடையது. அவளுடைய தாய் அவளுக்கு விட்டுச்சென்றது. அத்தாய்க்கு அவள்தன் தாய் விட்டுச்சென்றது. அத்தீவில் அது புதுமையன்று. கடல் ஆடவரைக் கொண்டுசெல்ல, நிலம் பெண்டிரிடம் தங்கிற்று. தேர்தலில் ஒப்போலை இடும் உரிமை அமெரிக்கப் பெருநாட்டுப் பெண்டிர்க்கெல்லாம் வந்து சேராத அந்நாளிலே, மன்றம் ஏறாத இவர்கள் மலைக்கு உடையவர்களாய் இருந்தனர் என்பதைத் தீவார் ஒரு வியப்பாகவும் எண்ணினாரல்லர்.

கூடை நிறைந்ததும் நிமிர்ந்தவள், கீழே சுனைக்கரைச் சரிவில் நின்ற மரங்களின் மேல் செஞ்சாயக் கோடுகள் இருக்கக் கண்டாள். மரத்துக்கு ஒன்றாய், மார்பளவு உயரத்தில், அம்பு தைத்த புண்போல் அவை சிவந்து கிடந்தன. அச்சரிவு அவளுடையதன்று, இளமைத் தோழி துருசில்லாவுடையது. ஆயினும் அக்கோடுகளின் பொருள் அவளுக்கு விளங்கிற்று. மரமறுக்கும் ஆலையை வண்டியில் ஏற்றி ஊர் ஊராய்க் கொண்டுசென்று, மலை மலையாய் மொட்டையடித்துப் போகும் குழுமத்தார் நாரைத்தீவுக்கும் வந்துவிட்டனர்.

அவள் வீட்டுக்கு இறங்கியபோது, குழுமத்தின் முகவன் அடுக்களை மேசையருகே அமர்ந்திருந்தான். அவள் கணவன் அமாசா, எதிரே சிங்கி இறால் பிடிக்கும் மரக்கூடொன்றை மடியில் வைத்து வலை பின்னிக்கொண்டிருந்தான். மகன் ரூபன் நின்றபடியே, கண்களில் ஆவல் ததும்ப, முகவனின் சொற்களைப் பருகிக்கொண்டிருந்தான்.

"ஒரே ஒரு கையெழுத்து, பிரே ஐயா. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றான் முகவன்.

"நல்ல சேதிதான்" என்றான் அமாசா, பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே. "ஆனா ஆள் மாறிப் பேசிக்கிட்டு இருக்கீங்க. மலை அவளுது. நான் அந்த மலைக்கு வாழ்க்கைப்பட்டவன், அவ்வளவுதான்."

முகவன் நகைப்பதா விழிப்பதா என்றறியாது திரும்பினான். லோவினா கூடையை இறக்கிவைத்து, "சுனைக்கரை மரத்துல சாயம் பூசினது நீங்கதானா?" என்று வினவினாள்.

"ஆமாங்க. அந்தம்மா கிட்டத்தட்டச் சரின்னுட்டாங்க. மாசக் கடைசில பத்திரத்தோட வரேன். நீங்களும் சரின்னா ரெண்டையும் சேத்தே முடிச்சிடலாம்."

"கிட்டத்தட்டன்னா இன்னும் முடியலைன்னு அர்த்தம். காப்பி ஆறுது, குடிச்சிட்டுக் கெளம்புங்க."

முகவன் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். ரூபனுக்கு மணமாகி ஓராண்டும் நிறையவில்லை. பொறி பூட்டிய புதுப்படகு ஒன்று வாங்கிவிட்டால், பாயும் துடுப்புமாய்த் தந்தை பட்ட பாடு தனக்கு வேண்டா என்பதும், தீவை விட்டு வேலை தேடிப் பெருநிலத்துக்குப் போகவும் வேண்டா என்பதும் அவனுடைய கனவு. அக்கனவின் விலை அம்மலைமேல் மரமாய் நின்றுகொண்டிருந்தது.

லோவினாவின் நெஞ்சிலோ வேறொரு விதை ஓராண்டாய் முளைவிட்டுக் கிடந்தது. முந்திய வேனிலில், பெருநகரிலிருந்து வந்து அக்கரையில் கோடையைக் கழிக்கும் செல்வர் சிலர், செல்டன் என்பாரைத் தலைவராய்க் கொண்டு ஒரு குழு அமைத்திருந்தனர். குன்றுகளையும் சுனைகளையும் உரிமையாளரிடம் கொடையாகப் பெற்று ஒன்றுசேர்த்து, நாட்டுப் பூங்காவாக்கி, மரம் வெட்டுவாரும் கல் பிளப்பாரும் என்றும் தீண்டாவண்ணம் அரசிடம் ஒப்புவிப்பது அவர்தம் நோக்கம். செல்டனார் நல்லவர், ஆனால் ஒருநாள் பிரே வீட்டுக்கு வந்தபோது, மேசைக்கு இப்புறம் அமர்ந்து தேநீர் ஊற்றியவளிடம் ஒரு சொல்லும் வினவாது, மாலைவரை அமாசாவிடமே பேசிப் போனார். ஊற்றியவளோ அவர் சொன்னது முழுவதையும் கேட்டாள். ஓராண்டு முழுவதும் அதனைத் தன்னுள் உருட்டிக்கொண்டே இருந்தாள். சுனைக்கரையில் கண்ட செங்கோடுகள் அவ்வெண்ணத்தைக் கனியச் செய்தன.

"நான் விக்கப் போறதில்ல. அந்தப் பூங்காவுக்குக் குடுக்கப் போறேன்" என்றாள்.

ரூபனின் முகம் வெளிறிப் பின் சிவந்தது. "யாருக்கு? வெயில்காலத்துல குடை பிடிச்சிக்கிட்டு உலாத்துற சீமாட்டிங்களுக்கா? பெத்த புள்ளைக்கு ஒரு படகு இல்ல, ஊர் பேர் தெரியாதவனுக்கு மலையா?"

"ரூபன்" என்று தடுத்தான் அமாசா.

"இருக்கட்டும், அவன் கேக்குறது நியாயந்தான்" என்றாள் லோவினா. "கண்ணு, என் காலத்துல நான் வெட்டமாட்டேன். உன் காலத்துல? உன் புள்ள காலத்துல? ஒருத்தர் கையில இருக்கிற வரைக்கும் அது என்னிக்காவது ஒரு நாள் விலைக்கு நிக்கும். எல்லார் கையிலயும் இருந்துச்சுன்னா, யாரு விக்க முடியும், சொல்லு?"

"என் கையில எதுவும் இல்லியேம்மா" என்றான் அவன். அச்சொல்லில் சினம் வடிந்து துயர் மட்டுமே எஞ்சியிருந்ததால், அது அவளை ஆழக் குத்திற்று.

அவ்வாரத்திலேயே அவன் மனைவி அசனாத்தையும் அழைத்துக்கொண்டு, பெருநிலத்துக் கப்பல் கட்டும் துறையில் வேலை தேடிப் புறப்பட்டான். படகுத்துறையில் அவன் தாயின் முகம் நோக்காது மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருக்க, அசனாத் மட்டும் மாமியின் கையைப் பற்றி, "அவர் கோவம் கடல் மாதிரி அத்தை, ஏறும், வத்தும்" என்று மெல்ல மொழிந்தாள்.

"கடலுக்கு ஏறி வத்த ஒரு நாள் போதும் தாயி. மனுசனுக்குத்தான் எத்தன காலம்னு தெரியல" என்ற லோவினா, தான் பின்னிய கம்பளிக் கையுறைகளை, மகனுக்கு என்று சொல்லாமலே மருமகளின் பையில் திணித்தாள். பாய் விரிந்தது. அவன் திரும்பிப் பார்ப்பானென்று அவள் நின்ற நேரம் நெடிது, அவன் பார்க்கவில்லை.

இனி, கொடுப்பது எளிதென்று எண்ணற்க. காவல்மலைக்குக் கழுத்தாய் அமைந்தது துருசில்லாவின் சுனைக்கரை. அக்கழுத்தை அறுத்தபின் தலையை மட்டும் பூங்கா என்று யார் ஏற்பர்? செய்தி கேட்ட செல்டனார் விரைந்து வந்து, அமாசாவிடம், "பிரே ஐயா, அந்தச் சுனை நிலமும் கிடைச்சாத்தான் அரசாங்கம் வாங்கிக்கும். நானே போய்ப் பேசினேன், அந்த அம்மா கதவைச் சாத்திட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்" என்றார். அமாசா மனைவியை நோக்கினான். அவள் அப்போதே மேலாடையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

துருசில்லா தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். ஒரே பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்து பயின்ற இருவரும், ஒரே வேனிலில் மணமுடித்த இருவரும், ஒரு புயலுக்குப் பின்னர் ஊர்க்கூட்டங்களில் தலையசைத்துக் கொள்வதோடு நின்றுவிட்டனர். அப்புயலின் கதை தீவார் யாவரும் அறிந்ததே. இருபதாண்டுகளுக்கு முன்னர், கடுங்குளிர் தொடங்கும் நாளொன்றில், வலைவீசச் சென்ற படகுகளைச் சூறை வளைத்துக்கொண்டது. பகலே இருளாகிக் கரை மறைந்தது. அன்று ஊர்ப்பெண்டிர் காவல்மலை உச்சியில் தீ மூட்டினர். அத்தீயைக் கண்டு அமாசாவின் படகும் பிற படகுகளும் கரை சேர்ந்தன. துருசில்லாவின் கணவன் எசுராவின் படகு சேரவில்லை.

லோவினா குனிந்து, தோண்டிப் போட்ட கிழங்குகளைக் கூடையில் பொறுக்கலானாள்.

"எதுக்கு வந்தேன்னு எனக்குத் தெரியும்" என்றாள் துருசில்லா, மண்வெட்டியை ஊன்றி நின்று. "வீணா இடுப்ப ஒடிச்சிக்காத. உன் புருசனுக்கு வழி காட்டுன மலை, என் புருசனுக்குக் கண்ண மூடிக்கிச்சு. அதுக்கு மொட்டை அடிக்கட்டும். சன்னலத் தொறந்தா அது மூஞ்சியில முழிக்க வேண்டியிருக்கு. இத்தன வருசமா முழிச்சிட்டேன், போதும்."

லோவினா குனிந்து அடுத்த கிழங்கை எடுத்தாள். மாலைவரை கிழங்கு பொறுக்கிவிட்டு வீடு திரும்பினாள். மறுநாளும் சென்றாள், அதற்கடுத்த நாளும் சென்றாள். நிலவறையில் கிழங்கை அடுக்கவும், குளிர்காலத்துக்கு வீட்டின் அடிச்சுவரைச் சுற்றி ஊசியிலைக் கிளைகளை அணைத்து வைக்கவும் இருவர் கைகளும் ஒன்றாய் இயங்கின. ஊடலுற்ற ஓடைகள் இரண்டு, தம்மையறியாமலே ஒரே பள்ளம் நோக்கிச் சரிவதைப்போல், பழைய நட்பு ஓசையின்றி அவ்வீட்டினுள் ஊறத் தொடங்கிற்று.

முகவன் வருவதாகக் குறித்திருந்த நாளின் காலையில், துருசில்லா பொறுமையிழந்து, "என்னடி இது, மலையப் பத்தி ஒரு வார்த்தையும் பேசமாட்டேங்கிற?" என்றாள்.

"கெழங்கு அடுக்க வந்தேன்."

"அடி போடி. சின்ன வயசுலேருந்தே உனக்குப் பொய் வராது." அவள் ஈரக்கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டு சன்னலை நோக்கினாள். "விக்கிறதுன்னு முடிவாயிடுச்சு. ஆனா என்னத்த விக்கிறேன்னு ஒரு தரம் பாத்துட்டு விக்கணும். அன்னிக்கப்புறம் நான் மேல ஏறினதே இல்ல. எந்திரி, போவோம்."

இருவரும் ஏறினர். உதிர்ந்த இலைகள் நடந்த வழியெல்லாம் பொன்னும் செம்பும் கலந்து பரப்பினாற்போல் கிடந்தன. செஞ்சாயக் கோடுகளுக்கு நடுவே நடக்கையில் துருசில்லா ஒரு மரத்தையும் தொடவில்லை; ஆனால் ஒவ்வொன்றையும் பார்த்தாள். சுனையைக் கடந்து, மரங்கள் குட்டையாகி, பாறை வெளித்தோன்றும் இடத்தில் அவளுக்கு மூச்சு வாங்கிற்று. லோவினா கைகொடுத்தாள். அந்தக் கையை அவள் மறுக்கவுமில்லை. உச்சி சேர்ந்த பின்னரும் விடவுமில்லை.

உச்சியில் காற்று வீசிற்று. கீழே கடல் எல்லையின்றி விரிந்து, அன்று யாரையும் விழுங்கியறியாததுபோல் நீலமாய்க் கிடந்தது. துருசில்லா அதை நெடுநேரம் நோக்கினாள். பின்னர், பாறையின் ஒரு குடைவில், எத்தனை மழை கழுவியும் போகாத கருமை படிந்திருக்கக் கண்டு, "இங்கதான் எரிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"இங்கதான்."

அவள் குனிந்தாள். கருகிய பிளவில் ஏதோ சிவப்பாய்த் துருவேறிக் கிடந்தது. விரல் நுழைத்து இழுத்தாள். இரும்புக் கீலொன்று வந்தது; இலை வடிவாய் முனை வளைத்து அடித்தது. லோவினாவின் தந்தை கொல்லர். இலை முனை வைத்துக் கீலடிப்பவர் அத்தீவில் அவர் ஒருவரே. மகளின் மணவீட்டுக்கென அவர் அடித்துக் கொடுத்ததைப் பார்க்க, அந்நாளில் ஊரே திரண்டு வந்தது.

துருசில்லா கீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது உன் வீட்டு வாசக்கதவுக் கீல் இல்ல?"

லோவினா கடலை நோக்கி நின்றாள்.

"அந்தக் குளிர்காலம் பூரா வாசல்ல கம்பளியத் தொங்கவிட்டிருந்தியே. நான் கேட்டதுக்குக் கதவு உளுத்துப்போச்சுன்னு சொன்னே."

"ரெண்டாம் நாள் மழையில வெறகெல்லாம் நனைஞ்சு போச்சு" என்றாள் லோவினா மெல்ல. "கதவு காஞ்சு இருந்துச்சு."

"அமாசாதான் மொத நாளே வந்து சேந்துட்டாரே. அப்புறம் யாருக்குடி எரிச்சீங்க?"

முதல்நாள் மாலையே பிற படகுகளெல்லாம் கரை சேர்ந்துவிட்டன. கடலின் வாயிலிருந்து மீண்டு, நிற்கவும் வலுவின்றிக் கிடந்த அமாசா, மனைவி கதவைக் கழற்றுவதைக் கண்டு ஒன்றும் வினவாமல் எழுந்து மறுமுனையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். ஊர்ப்பெண்டிர் வேலிக்கட்டைகளையும் பீப்பாய்ப் பலகைகளையும் சுமந்து பின்தொடர்ந்தனர். அந்நாள்களில் துருசில்லா காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தாள். அவள் தேறி எழுந்தபோது, அத்தீ எசுராவுக்காக எரிந்தும் அவன் அதைக் காணவில்லை என்று உரைப்பது புண்ணில் மற்றொரு புண் ஆகுமென்று கருதி, ஊர் முழுதும் ஒரே வாயாய் அடங்கிற்று.

"எத்தன நாள்?" என்றாள் துருசில்லா.

"எசுரா வர்ற வரைக்கும்னு நெனச்சோம்."

"அவருதான் வரவே இல்லியே."

"ஆமா. எரிக்கிறதுக்கு எங்ககிட்ட எதுவும் இல்லாமப் போயிடுச்சு."

துருசில்லா அக்கருகிய பாறையின்மேல் அமர்ந்தாள். இருபதாண்டுகளாய்ச் சன்னலுக்கு அப்பால் பகையாய் நின்ற மலை, அன்று அவளுக்கு மடியாயிற்று. அவள் அழுத அழுகை ஓசையற்றது. பனி உருகி வேரில் இறங்குவதுபோன்றது. லோவினா அருகமர்ந்து, தன் தோளை அவள் தோளோடு சேர்த்துக்கொண்டாள். வேறொன்றும் செய்யவில்லை, செய்ய வேண்டியும் இருக்கவில்லை.

கதிர் உச்சி கடந்த பின்னர் துருசில்லா முகம் துடைத்து, கீலை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். "கம்பெனிக்காரன் வந்து வாசல்ல நிப்பான். என்னடி சொல்றது அவன்கிட்ட?"

"உன் நெலம். உனக்கு என்ன தோணுதோ சொல்லு."

"கதவு உளுத்துப்போச்சுன்னு சொல்லிடறேன்" என்றாள் துருசில்லா. அழுகையின் நடுவே நகைப்பு வெடித்தது. இருவரும் பள்ளிச் சிறுமியர்போல் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு, காற்று கேட்க நகைத்தனர்.

அக்குளிர்காலம் முழுவதும், செல்வர் யாவரும் பெருநகர்க் கணப்படுப்புகளின் அருகே ஒதுங்கியிருக்க, அவ்விரு பெண்டிரும் சிறுபடகில் துடுப்பு வலித்துத் தீவின் கோடிகளுக்கெல்லாம் சென்றனர். சரிவுகளில் துண்டு துண்டாய் நிலம் வைத்திருந்த கைம்பெண்களையும், கணவன் விற்க முனைந்தாலும் தம் ஒப்பம் இன்றி விற்கவொண்ணாத இல்லத்தரசியரையும் அடுப்படிகளில் கண்டு பேசினர். சிலர் மறுத்தனர், சிலர் பிள்ளைகளை எண்ணிக் கலங்கினர். அவர்களை லோவினா வற்புறுத்தவில்லை. மகன் விட்டுச்சென்ற வெற்றிடம் அவளுடைய சொல்லைப் பணிவுடையதாக்கியிருந்தது. "யோசிச்சுப் பாருங்க. கஷ்டம்னா வேண்டாம். எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்பாள். பிறர் தேன் தடவிப் பேசிய பேச்சு சாதியாததை, அவ்வொரு சொல் சாதித்தது. இளவேனிலில் செல்டனார் திரும்பி வந்தபோது, சுனையும் மலையும் அவற்றைச் சூழ்ந்த சரிவுகளும் மாலைபோல் கோக்கப்பட்டுக் காத்திருந்தன. அவர் அமாசாவின் கையைப் பற்றிக் குலுக்கி, "பிரே ஐயா, சாதிச்சிட்டீங்க!" என்றார். அமாசா வாய் திறக்குமுன் அவர் வண்டியேறிவிட்டார்.

ரூபன் தீவுக்குத் திரும்பி வாழ வரவில்லை. கப்பல் துறையில் அவன் கைத்திறன் அவனுக்கு மதிப்பைத் தேடித் தந்தது. ஆயினும் மறு ஆண்டு வேனிலில், அசனாத்தோடும் கைக்குழந்தையோடும் சில நாள் தங்கிப் போக வந்தான். மலையைப் பற்றி அவனும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. ஒரு காலையில் லோவினா துணி உலர்த்துகையில் ஏறிட்டு நோக்க, உச்சிப்பாறையில் ஓர் ஆடவன் குழந்தையைத் தோள்மேல் ஏற்றி, கடலைச் சுட்டிக்காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கைத்துணி நழுவியதும் அறியாது நின்றாள். புறப்படுகையில் அவன், "கையுறை நல்லா கதகதப்பா இருந்துச்சும்மா" என்று மட்டும் கூறினான். அது அவளுக்குப் போதுமானதாகவும் இருந்தது, போதாததாகவும் இருந்தது.

அரசு கொடையை ஏற்ற விழா, மேலும் ஒரு வேனில் கழிந்து, கடலோரப் பசும்புல்வெளியில் நிகழ்ந்தது. பந்தலில் பெருமக்கள் வீற்றிருந்தனர். அப்பால் ஒரு துணிக்கூடாரத்தின் கீழ், தீவுப்பெண்டிர் பெருங்கலங்களில் மீனும் கிழங்கும் பாலும் கூட்டிக் காய்ச்சிய குழம்பை விருந்தினர்க்கெனக் கிளறிக்கொண்டிருந்தனர். கொடையாளர் பெயர்களைச் செல்டனார் உரத்த குரலில் படித்தார். சரிவுகளெல்லாம் இன்னாரும் அவர் மனைவியும் என்றே படிக்கப்பட்டன. சுனைக்கரை, காலஞ்சென்ற மாலுமி எசுராவின் பெயரால் படிக்கப்பட்டது. காவல்மலை, படகுத்தலைவர் அமாசா பிரே அவர்களின் பெருங்கொடை என்று படிக்கப்பட்டது.

கூடாரத்தில் அகப்பைகள் ஒருகணம் நின்றன. லோவினா தோழியின் முகத்தை நோக்கினாள். துருசில்லா கரையோர அலையைப் பார்த்தபடி, "போகட்டும்டி. அவரு பேராவது கரை சேந்துச்சே" என்றாள்.

அந்நேரம், பேரவையில் வாய் திறந்தறியாத அமாசா, தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு எழுந்து நின்றான். "மன்னிக்கணும்... அந்த மலை என்னோடது இல்லீங்க. என் வீட்டுக்காரியோடது. அவ குடுத்தது. மத்த நெலத்தையும் அவதான் வீடு வீடாப் போய்க் கேட்டு வாங்கினா. நான் இறால்தான் புடிச்சேன்."

கூட்டம் நகைத்தது. எளியவரின் அடக்கம் எத்துணை இனிது என்று பெருமக்கள் ஒருவரையொருவர் நோக்கித் தலையசைத்தனர். செல்டனார் கண்ணீர் மல்கக் கைதட்ட, கைதட்டல் அலைபோல் எழுந்து அவன் சொற்களை மூழ்கடித்தது. அமாசா சிறிதுநேரம் நின்று பார்த்துவிட்டு, நாற்காலிகளுக்கிடையே வழி தேடிக் கூடாரத்தை அடைந்தான். காதோரம் சிவந்திருந்தது.

"சொல்லிப் பாத்தேன் லோவினா. கை தட்டிட்டாங்க."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இருபத்தேழு ஆண்டு இல்வாழ்வில் அவன் பொதுவில் பேசிய ஒரே பேச்சு அது, அதுவும் தன்பொருட்டு. பொன்னால் எழுதிய பட்டயம் ஒன்றை அந்நேரம் யாரேனும் நீட்டியிருந்தாலும் அவள் அதை அடுப்புமேடையில் வைத்துவிட்டு, அவன் கசக்கிய தொப்பியையே கையிலெடுத்து நீவியிருப்பாள். அவ்வாறே நீவி அவன் தலையில் வைத்து, "நல்லாத்தான் பேசின. வா, ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடு" என்றாள்.

வெயில் தாழ்ந்தது, பெருமக்களின் படகுகள் ஒவ்வொன்றாய் அகன்றன. கலங்களைக் கழுவிக் கவிழ்த்தபின், லோவினா தன் வழக்கம்போல் மலையடிவாரப் பாதையில் சிறிது நடந்தாள். அங்கே, பெருநிலத்துப் பஞ்சாலையில் உழைப்பவள்போல் தோன்றிய இளம்பெண் ஒருத்தி, புழுதி படிந்த செருப்புகளைக் கையில் ஏந்தியவாறு, மேலே நோக்குவதும் பின்வாங்குவதுமாய்த் தயங்கி நின்றாள். விழா காணக் கூட்டத்தோடு வந்து, தன்னினத்தாரைத் தவறவிட்டவள் போலும்.

"ஏங்க" என்று அவள் கூச்சத்தோடு கேட்டாள், "இது யாரோட மலை? மேல போனா யாராச்சும் திட்டுவாங்களா?"

லோவினா மலையை ஏறிட்டு நோக்கினாள். தாயின் தாய் முதல் தன்வரை வந்த ஒரு சொல், 'என்னுடையது' என்னும் சொல், பழக்கத்தால் அவள் நாவின் நுனிவரை வந்து, அங்கேயே நின்று, பின்னர் ஒரு பறவை கிளையை விட்டு எழுவதுபோல் எழுந்து போயிற்று. அது போன இடத்தில் வெறுமை இல்லாதது கண்டு அவளே வியந்தாள்.

"உன்னோடதுதான் தாயி" என்றாள். "ஏறிப் போ. பாறை வழுக்கும், செருப்ப மாட்டிக்க."

அப்பெண் நம்பாதவள்போல் ஒருமுறை நோக்கி, நகைத்து, ஏறத் தொடங்கினாள்.

இன்று அம்மலைப் பாதைகளுக்குப் பெருமக்களின் பெயர்கள் உண்டு. பாறைகளில் பதித்த செப்பேடுகள் உண்டு. அவற்றுள் அவளுடைய பெயர் இல்லை. படிப்போர் அதற்காக வருந்துவாராயின் அது முறையே. மறைக்கப்பட்ட கொடைக்கு உலகம் பட்ட கடன் எக்காலத்தும் கடனே. ஆயினும், ஈந்தபின் ஈந்ததை ஒரு சொல்லாலும் பற்றாது விட்டவர்க்கு, ஏறுவாரின் காலடி ஓசையினும் இனிய பெயர் பிறிதொன்று உண்டோ? அன்று மாலை லோவினா பிரே அப்பாதையோரத்தில் நின்று, அறியாத பெண்ணொருத்தியின் உருவம் மரங்களுக்கிடையே சிறுத்துச் சிறுத்து ஒளியினுள் மறையும்வரை பார்த்திருந்தாள். பின்னர்த் திரும்பி, கணவன் காத்திருக்கும் இல்லம் நோக்கி, கையில் ஒன்றும் இல்லாதவளாய், மனத்தில் குறையொன்றும் இல்லாதவளாய், மெல்ல நடந்தாள்.